மதிலும் தாழங்காடும்

எட்டாம் வகுப்புப் பொடியன்கள் இன்னொரு முறை பாட நேரத்தில் கரைவலை இழுக்கப் போனால், அபூசாலி மாஸ்டரை மலைநாட்டுக்கு மாற்றச் சொல்லி எழுதுவேன் என்று அதிபர் காலிதீன் சொல்லியிருந்தார். கடிதம் எழுதியாயிற்று, திகதி மட்டும் போடவில்லை. மாஸ்டருக்குக் கலியாணம் முடிந்து மூன்று மாதம்.

அன்று பாடம் இரண்டாம் உலகப் போர்.

"பிரான்ஸ்காரன் பெரிய அரண் கட்டினான், நம்மட முன்மதில் மாதிரி. பக்கத்தில காடு. அதுக்குள்ளால டாங்கி வராது எண்டு காவல் குறைவு. ஜேர்மன்காரன் வடக்குப் பக்கம் சண்டையத் தொடங்கினான். எல்லாரும் அங்க ஓடினாங்க. டாங்கியெல்லாம் ஒண்டாக் காட்டுக்குள்ளால பூந்து, நிக்காமக் கடற்கரைக்குப் போயிட்டு."

"கடற்கரைக்கா, சேர்?" என்றான் மீராமுகைதீன். அவன் எந்தப் பாடத்திலும் கேள்வி கேட்டவனல்ல.

"ஓம்."

முன்வாங்கில் உட்கார்ந்திருந்த றம்ஸியா கையை உயர்த்தினாள். "இவ்வளவு கெதியாப் போனா, எண்ணெய்ப் பவுசர் லொறி எப்பிடிப் பின்னால வரும்?"

"வராது கா. பிறகு கன இடத்தில அதாலதான் டாங்கி நிண்ட."

மறுநாள் காலை வலைக்காரரின் சத்தம் கேட்டதும் முன்வாசலில் இரண்டு பொடியன்கள் கட்டிப் புரண்டார்கள். அதிபர் பிரம்போடு ஓடினார், மாஸ்டரும் ஓடினார். விலக்கி விசாரித்தால், எதற்குச் சண்டை என்று இருவருக்குமே தெரியவில்லை. திரும்பி வந்தபோது வகுப்பில் பெண்பிள்ளைகள் மட்டும். பள்ளிக்குப் பின்னால், கடற்கரைப் பக்கத்துத் தாழை முள்ளில் ஒரு சட்டைப்பை தொங்கியது.

"தாழைக்குள்ளால நாயும் போகாது எண்டுதானே அங்க மதில் கட்டல்ல!" என்றார் அதிபர். "நேத்து என்ன படிப்பிச்ச நீங்க?"

"சரித்திரம், சேர்."

அதிபர் கடிதத்தை எடுத்துப் பேனையைத் திறந்தார். மாஸ்டர் றம்ஸியாவைப் பார்த்தார். றம்ஸியா, இடைவேளைக்குக் கொடுக்க வந்திருந்த பணிஸ் ரொட்டிக் கூடையைப் பார்த்தாள்.

"சேர், பணிஸ் மணிய இப்பவே அடிப்பமா?" என்றாள்.

"இன்னும் நேரம் இரிக்கே?" என்றார் அதிபர்.

"பச்சை மீனைத் தின்ன ஏலா, சேர்."

மணி அடித்தது. வலை பாதிக் கடலில் நிற்க, வலைக்காரர் ஏசிக் கத்த, பையில்லாத சட்டையோடு மீராமுகைதீன் முதலில் வந்தான். மற்றவர்கள் பின்னால். எல்லோரும் முன்வாசலால்தான் வந்தார்கள். முள் வரும்போதும் குத்தும்.

அதிபர் எண்ணிப் பார்த்தார். குறைவில்லை. கடிதத்தை மடித்து மேசை லாச்சிக்குள் போட்டார்.

"நாளைக்கு என்ன பாடம்?"

"ரஷ்யா, சேர். பின்வாங்கினவங்க வயலையும் ஊரையும் நெருப்பு வெச்சிட்டுப் போன கதை."

அதிபர் பள்ளிக்கூடத்து ஓலைக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"நாளைக்குக் கணக்கு எடுங்க" என்றார்.