எதிர்பாராத கேள்விக்கு ஒத்திகை

மழை எப்படிப் பெய்கிறது என்று அந்த நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த வருஷம் மட்டும் முப்பது பேராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வேறு எதையும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

காரணம், ஆசிரியர் தர வாரியத்தின் செய்முறைத் தேர்வு அந்த வகுப்பில்தான் நடக்கும். சான்றிதழ் வேண்டுகிறவர் மழைப் பாடம் நடத்துவார். வாரியத்தின் குழு பின்னால் உட்கார்ந்து மதிப்பெண் போடும். பிள்ளைகளுக்குப் பாடம் தண்ணீர் பட்ட பாடு. யாராவது தடுமாறினால், "சார், இப்ப நீங்க மேகத்தைக் காட்டணும்" என்று முன் பெஞ்சிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள்.

இந்த வருஷம் வாரியம் தரத்தை உயர்த்திவிட்டது. பாடத்தின் நடுவே மாணவர் ஒருவர் எதிர்பாராத கேள்வி கேட்க வேண்டும், ஆசிரியர் அதைச் சமாளிக்க வேண்டும் என்பது புது விதி. விதி வந்த மறுநாளே பயிற்சிக் கல்லூரியில் ஒத்திகை ஆரம்பமாகிவிட்டது. பாடக்குறிப்புத் தாளிலும் புதிதாக ஒரு கட்டம் முளைத்தது: 'எதிர்பாராத கேள்வியும் விடையும். முன்கூட்டியே நிரப்பவும்.'

எல்லாரும் நிரப்பினார்கள். எல்லாரும் தேறினார்கள். ஒருத்தி மட்டும் இரண்டு தடவை தோற்றாள். முதல் தடவை சார்ட் தலைகீழாகத் தொங்கியது. அடுத்த தடவை புன்னகை போதவில்லை. கல்லூரியில் அவளுக்கு 'மறுபடி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மூன்றாவதிலும் தோற்றால் வாழ்நாளில் சான்றிதழ் கிடையாது. வகுப்பறையில் நிற்பதைத் தவிர வேறு எந்த வேலைக்கும் அவள் ஆசைப்பட்டதில்லை.

தேர்வன்று காலையில் வீட்டில் கடைசி ஒத்திகை. பஸ் கண்டக்டரான அவள் கணவன், சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டே கையைத் தூக்கினான்.

"டீச்சர், மேகம் ஏன் கீழ விழல?"

"நல்ல கேள்வி கண்ணா!"

"சிரிப்பு பத்தல. போன தடவை அதுலதானே கோட்டை விட்டே?"

"உங்க மூஞ்சியப் பாத்துட்டு இதுக்கு மேல எப்படிங்க சிரிக்கிறது?"

"சரி விடு. தேறிடுவே. வரும்போது அழாம மட்டும் வா, எங்கம்மா கேள்வி கேட்டே என்னைக் கொன்னுடுவாங்க."

பள்ளிக்கூட வாசலில் கல்லூரிப் பயிற்சியாளர் காத்திருந்தார். கழுத்தில் எந்நேரமும் தொங்கும் கருவியே அவருக்குப் பெயராகிவிட்டது: ஸ்டாப்வாட்ச்.

"மேடம், பயப்படாதீங்க. ஆவியாதல் முடிஞ்சதும் லீடர் பொண்ணு கேள்வி கேக்கும். நீங்க ஆச்சரியப்படுங்க. ரொம்ப ஆச்சரியப்பட்டாலும் மார்க் குறையும்."

'மறுபடி' உள்ளே போனாள். பாடம் எண்ணெய் போட்ட சக்கரம் போல ஓடியது. ஆவியாதல் முடிந்தது. அவள் ஆச்சரியப்படத் தயாராக நின்றாள்.

கேள்வி வரவில்லை.

லீடர் பெண் முதல் பெஞ்சில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். கையைத் தூக்கினாள், வாயைத் திறந்தாள், "ஆ" என்றதோடு சரி, கண்ணில் நீர் வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஸ்டாப்வாட்ச் தலையில் கை வைத்துக்கொண்டார்.

குழுத் தலைவர் பேனாவால் மேசையைத் தட்டினார். "கேள்வி ஒண்ணும் வரலியே, மேடம்?"

அப்போது மூலையிலிருந்து ஒரு குரல். "டீச்சர், கடல் தண்ணிதான் மேல போகுதுன்னா மழை ஏன் உப்புக் கரிக்கல?"

அந்த வாரம்தான் வேறு பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சேர்ந்தவள். ஒத்திகை பார்க்காதவள். வகுப்பே அவள் பக்கம் திரும்பியது.

"ஏய், கேள்வி கேக்கிறது உன் வேலை இல்ல!" என்றான் ஒருவன்.

மறுபடிக்கு விடை தெரியும், ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்திருக்கலாம். தலைவரின் பேனாவைப் பார்த்தாள். மூலையில் நின்றிருந்த சிறுமியைப் பார்த்தாள். "நீங்கள்லாம் என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுத் தொலைத்தாள்.

பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். நினைக்கச் சொல்லி அவர்களை யாரும் கேட்டதில்லை.

"மேகம் வடிகட்டிடும் டீச்சர்," என்றது ஒரு குரல்.

"போடா, மேகத்துல ஏது வடிகட்டி? உப்பு கனம், அதால ஏற முடியாது."

"சர்க்கரை மட்டும் ஏறுமா?"

சந்தை இரைச்சல். லீடர் பெண் வாய் கொப்பளிக்கச் சுடச்சுட உப்புத் தண்ணீர் ஃப்ளாஸ்க்கில் கொண்டுவந்திருந்தாள். மறுபடி அதை அவளிடமிருந்து வாங்கி ஒரு டம்ளரில் ஊற்றி, மேலே ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்தாள். பிள்ளைகள் பெஞ்சை விட்டு வந்து மொய்த்துக்கொண்டார்கள். தட்டின் அடியில் துளிகள் கோத்தன. புதுச் சிறுமி ஒன்றை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"கரிக்கல!"

"தள்ளு, நான் பாக்கறேன்!"

குழுவிலிருந்த அம்மாள்கூடக் கூட்டத்தில் விரலை நீட்டினார். தலைவர் முறைத்ததும் அதைப் புடவையில் துடைத்துக்கொண்டார். மணி அடித்துவிட்டது. முடிவுரை இல்லை, வீட்டுப்பாடம் இல்லை, புன்னகையைப் பற்றி அவளுக்கு ஞாபகமே இல்லை.

தலைமையாசிரியை அறையில் தீர்ப்பு.

"கேள்வி எதிர்பாராததுதான், ஒத்துக்கறோம்," என்றார் தலைவர். "ஆனா இவ்வளவு எதிர்பாராததா இருக்கும்னு நாங்க எதிர்பாக்கல. உங்க குறிப்புல வேற கேள்வில்ல இருக்கு?"

"அந்தப் பொண்ணு கேட்டது இதத்தானே, சார்?"

"அதைக் கேக்க விட்டது யாரு? பிள்ளைங்க எழுந்து ஓடுது, கத்துது. இத்தனை தேர்வு நடத்தியிருக்கோம், இந்தக் கிளாஸ்ல ஒரு நாள் சத்தம் வந்திருக்கா? தரம்னு ஒண்ணு இருக்கும்மா."

மூன்றாவது தடவையும் தோல்வி. குழு காரில் ஏறிப் போனது. மறுபடி வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழாமல் வா என்று கணவன் சொன்னதைக் காப்பாற்ற முடியவில்லை.

தலைமையாசிரியை பின்னாலேயே வந்தார்.

"அழுது முடிச்சாச்சா? ஒரு விஷயம் பேசணும். நாளையிலேருந்து நாலாம் வகுப்பை எடுத்துக்கிறீங்களா?"

"என்ன மேடம், எரியிற நெருப்புல எண்ணெய் ஊத்துறீங்க? இப்பத்தானே எனக்குத் தகுதி இல்லன்னு சொல்லிட்டுப் போனாங்க!"

"தகுதி இருக்கிறவங்க எங்கம்மா இங்க இருக்காங்க? சர்டிபிகேட் வாங்கின மறுவாரமே, மத்தவங்க தரத்தைப் பாக்க வாரியமே ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயிடுது. தற்காலிக டீச்சருக்குச் சர்டிபிகேட் தேவையில்ல. சம்பளம் பாதி."

"பாடம்?"

"அது முழுசு."

மறுபடி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பாதிச் சம்பளம் என்றால் மாமியார் என்ன சொல்லுவாள் என்பது தெரிந்ததுதான். ஆனாலும் வகுப்பறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே உப்பா சர்க்கரையா என்று சண்டை இன்னும் ஓயவில்லை.

"வரேன். ஆனா அந்தக் கிளாஸ்ல இனிமே தேர்வு நடத்தக் கூடாது."

"விளையாடுறீங்களா? அடுத்த வாரமே தேர்வுக்கு ஒரு கூட்டம் வருது. வாரியத்துக்கு நான் என்ன காரணம் சொல்றது?"

"பிள்ளைங்களுக்குப் பாடம் நடக்குதுன்னு சொல்லுங்க."

தலைமையாசிரியை வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"சொல்லிப் பாக்கறேன்," என்றார். "இப்படி ஒரு காரணத்தை அவங்க இதுவரைக்கும் கேள்விப்பட்டதே இல்ல."