சாம்பல் பேணி

ஜெகதீஸ்வரியின் மண்டைக்குள் ஒரு விஷயம் புகுந்துவிட்டால் லேசில் வெளியே வராது. ஊர்க்கதையெல்லாம் தோண்டித் துருவுகிறவள் என்று ஸ்கந்தபுரம் முழுக்க அவளுக்கு விடுப்புக்காரி என்றுதான் பேர். ஆனால் இந்த முறை புகுந்தது ஊர் விடுப்பில்லை, பெற்ற பிள்ளையின் இரத்தம்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த காணித்துண்டில், இவர்கள் இடம்பெயர்ந்து போயிருந்த காலத்தில் யாரோ பழைய லொறி பற்றரிகளை உடைத்து ஈயம் எடுத்திருக்கிறார்கள். மிச்சம் மண்ணோடு கலந்து கிடந்தது. அந்த மண்ணில் விளையாடித்தான் கிருசாந்தி வளர்ந்தாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு எந்த நேரமும் வயிற்றுக்குத்து, படித்தது எதுவும் தலையில் நிற்பதில்லை. இரத்தத்தைச் சோதித்து அதில் ஈயம் கண்ட டொக்டர், "இனி அந்த மண்ணை மிதிக்கவும் விடாதேங்கோ" என்றுவிட்டார்.

மண்ணைத் திருத்தவென்று, கம்பஸில் விவசாயம் படிப்பிக்கிற சாரங்கா வந்தாள். காணி முழுக்கச் சூரியகாந்தி போட்டாள்.

"இது ஈயத்தை உறிஞ்சி எடுக்கும் அக்கா. முத்தின பிறகு வெட்டிச் சாக்கில கட்டி வையுங்கோ, நாங்கள் வந்து ஏத்துறம். ஆடு மாடு மட்டும் வாய் வைக்கக்கூடாது."

"உறிஞ்சின ஈயம் பிறகு எங்க போகும் மிஸ்?"

"செடிக்குள்ளதான் நிக்கும்."

சும்மா சொல்லக்கூடாது, ஊர் ஆடுகள் அத்தனையோடும் ஜெகதீஸ்வரி மல்லுக்கட்டினாள். பிள்ளைக்கென்று இரணைமடுப் பக்கமிருந்து நல்ல மண் ஏற்றுவித்து, முற்றத்துச் சீமெந்துத் தொட்டியில் முளைக்கீரையும் போட்டாள். அந்தக் கீரையில் ஒரு பூச்சியை அண்ட விடவில்லை. கிருசாந்திக்குச் சோறும் கீரை வறையும் கிடைத்தால் வேறொன்றும் வேண்டாம்.

இரண்டு போகம் முடிந்து மண்ணைச் சோதித்தார்கள். ஈயம் நன்றாகக் குறைந்திருந்தது. அதே கிழமை பிள்ளையின் இரத்தச் சோதனையும் வந்தது. அதில் கூடியிருந்தது.

"மண்ணில குறையுது, பிள்ளையில கூடுது. இதென்ன கூத்து மிஸ்?"

சாரங்காவுக்கும் விளங்கவில்லை. கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தாள், அதில் ஒன்றுமில்லை. பிள்ளையோ காணிப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

காணாமல்போன மாட்டைத் தேடுகிற மாதிரி ஜெகதீஸ்வரி ஈயத்தைத் தேடத் தொடங்கினாள். மண்ணிலிருந்து வேருக்கு. வேரிலிருந்து தண்டுக்கு. தண்டெல்லாம் சாக்குக்குள் போய், உழவு மெசினில் ஏறிப் போய்விட்டது. அப்போ வேர்? வெட்டின இடத்தில் போய் நின்று காலால் தட்டிப் பார்த்தாள். ஒரு கட்டையையும் காணோம்.

"இஞ்சருங்கோ, இதில கிடந்த அடிக்கட்டையெல்லாம் எங்க?"

மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்த புருசன் சஜீவன் நிமிர்ந்தான். "என்னைக் கேக்கிறீர்? நீர்தானே போன போகம் கிண்டிக் காயவைச்சு அடுப்புக்கு எடுத்தனீர்."

ஜெகதீஸ்வரி குசினிக்குள் ஓடினாள். அடுப்புச் சாம்பல் நிறைந்த பால்மாத் தகரப் பேணி சன்னல் விளிம்பில் இருந்தது. மூடியில் ஆணியால் ஓட்டை போட்டவள் அவள்தான். விடிய எழும்பி, பூச்சி வராமல் இருக்கவென்று கீரைக்கு மேல் அதைக் குலுக்கியவளும் அவள்தான்.

"ஐயோ, நானல்லோ ஊட்டினனான்!" என்று அந்த இடத்திலேயே குந்திவிட்டாள்.

பேணியைச் சோதித்த சாரங்காவின் முகம் செத்துப்போயிருந்தது. அந்தக் காணியில் ஒருநாளும் இருந்திராத அளவு ஈயம் சாம்பலில் இருந்தது. "வேரிலதான் கூட நிக்கும் அக்கா. ஆட்டைச் சொன்னன், அடுப்பை நினைக்கேல்லை. பிழை என்னிலயும்தான்."

தொட்டி மண்ணைச் சாக்கில் கட்டி அனுப்பினார்கள். புது மண், புதுக் கீரை. மெல்ல மெல்லப் பிள்ளையின் இரத்தத்திலும் ஈயம் இறங்கத் தொடங்கியது.

ஒருநாள் கிருசாந்தி ஒரு கீரை இலையைத் தூக்கிப் பிடித்து, அதற்குள்ளால் தாயைப் பார்த்தாள். "அம்மா, எல்லாம் ஓட்டை! பூச்சி திண்டிட்டுது."

இலைக்குக் கீழே பச்சைப் புழு ஒன்று கொழுத்துப்போய் ஊர்ந்துகொண்டிருந்தது. தட்டிவிடப் போன கையை ஜெகதீஸ்வரி இழுத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் பிள்ளை. அது திண்டிட்டு உயிரோட நிக்குதெல்லோ," என்றாள். "இனி நீயும் தின்னலாம்."