நான்காவது படி

அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் மகள் அந்தப் போனை எடுக்க வேண்டியிருந்தது. சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்ல எல்லா நம்பரும் அதில்தான் இருந்தன. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிர் போயிருந்தது. ஒன்பது ஒன்பதேகாலுக்குப் போயிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

திரையில் தீயணைப்பு நிலையத்தின் வாட்ஸ்அப் குழு திறந்திருந்தது. எழுதும் இடத்தில், தட்டிவிட்டு அனுப்பாமல் விட்ட ஒரே ஒரு எண்: 4.

மேலே தள்ளிப் பார்த்தாள். அப்பா அனுப்பியதெல்லாம் வெறும் எண்கள். நேற்று மாலை அனுப்பியது 7. இன்று காலை ஆறு மணிக்கு 6. போன மழைக்காலம் முழுக்க இதே கதைதான்.

"இன்னும் லிஃப்ட்லயேதான் இருந்திருக்காரு போல," என்றான் அண்ணன். முப்பது வருடம் லிஃப்ட் இயக்கியவர் அப்பா. சிரிக்க வந்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

எந்நேரமும் போனும் கையுமாக என்ன வேலை என்று நேற்றுத்தான் அவரைக் கடிந்திருந்தாள். அந்த 4 என்னவென்று தெரியாமல் அவளால் ஒழுங்காக அழக்கூட முடியவில்லை.

போன் அதிர்ந்தது. நிலையத்திலிருந்து செய்தி: "ஐயா, கால்வாய்ல எத்தனை படி தெரியுது? ஒன்பது மணிக்கு நீங்க சொல்லல. தாழ்வான வீடுகளுக்குப் படகு அனுப்பணுமான்னு பார்க்கணும்."

"தெருக்கோடிப் படியத்தான் எண்ணப் போயிருக்காரு," என்றான் அண்ணன் மெதுவாக. "மழையில என்ன வாக்கிங்னு நான் திட்டிட்டே இருந்தேன்."

அவள் கதவோரம் இருந்த அப்பாவின் குடையை எடுத்தாள். காலையில் நனைந்த ஈரம் இன்னும் காயவில்லை.

கால்வாயில் இரண்டே படிகள் தெரிந்தன. கரையோர வீட்டில் ஒருத்தி வாசலில் உட்கார்ந்து மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி ஏறுதுக்கா. பிள்ளையக் கூட்டிட்டு மேல வாங்க."

அந்தப் பெண் எழுந்ததும் இவள் போனைத் திறந்தாள். 2 போட வேண்டுமானால் 4ஐ அழிக்க வேண்டும். கட்டைவிரல் அப்படியே நின்றது. பிறகு 4க்குப் பக்கத்தில் 'ஒன்பது மணி' என்று சேர்த்து அனுப்பினாள். அடுத்ததாக, '2, பதினொரு மணி.'

பதில் உடனே வந்தது. "ரெண்டு மணி நேரத்துல ரெண்டு படியா? படகு கிளம்புது. நன்றி ஐயா. பன்னிரண்டுக்கு இன்னொரு தடவை பார்த்துச் சொல்லுங்க."

'சரி' என்று அனுப்பினாள்.

வீட்டில் அண்ணன் போனைக் காதில் வைத்தபடி நின்றான். "பன்னிரண்டுக்கு வண்டி வரச் சொல்லட்டுமா? தண்ணி இங்க வரதுக்குள்ள அப்பாவ எடுத்துடணும்."

"அரை மணி தள்ளிச் சொல்லு."

"ஏன்?"

அவள் குடையை மடக்காமல் கதவோரம் வைத்துவிட்டு, அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.