முள் ஏறாத வண்டி

1

"காத்து வருதுல்ல?"

"வருது. ஜில்லுன்னு வருது. இதுக்கு ஜன்னலத் தொறந்து வெச்சா போதாதா?"

"ஹீட்டர்னா உடனே சூடு வரணுமா அக்கா? கொஞ்சம் டைம் குடு."

"காலைலேருந்து குடுத்துகினுதான்டா கீறேன்!"

இதை நான் கற்பனை செய்யவில்லை. மொபெட்டின் பிரேக் ஒயர் அறுந்துபோய், லிங்கராஜபுரத்தில் அலெக்சாண்டரின் ஷெட் வாசலில் ஒரு டயர்மேல் உட்கார்ந்திருந்தபோது காதில் விழுந்தது. கதை பிறந்தது அந்த டயரில்தான். டைம் கேட்டவர் மெக்கானிக் அலெக்சாண்டர். திட்டியவர் சரளா அக்கா. பழைய பிக்கப் ஒன்றைத் தானே ஓட்டி, கல்யாணத்துக்கும் சாவுக்கும் அதே வாடகை நாற்காலிகளை ஏற்றி இறக்குபவர்.

என் மடியில் ஒரு மொழிபெயர்ப்பு நாவல். அதில் ஒருவன் பனிப்புயலில் லாரியோடு மாட்டி, ஹீட்டர் நின்று, விரல்கள் விறைக்கத் தன் வாழ்க்கையைப் பல பக்கங்களுக்கு நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பொறாமையாக இருந்தது. பெங்களூரில் ஹீட்டர் கெட்டால் யாரும் வாழ்க்கையை நினைத்துப் பார்ப்பதில்லை. ஹீட்டர் இருப்பதையே நினைத்துப் பார்ப்பதில்லை.

2

முதல் வரி, முதல் முயற்சி: "பனி இடைவிடாது பெய்துகொண்டிருந்தது. சரளா தன் ரோம மேலங்கியை இழுத்துப் போர்த்தியபடி—"

விட்டுவிட்டேன். அக்கா சேலைக்குமேல் புருஷனின் பழைய சட்டையைப் போட்டிருந்தார். அதிலும் கிரீஸ் கறை.

இரண்டாம் முயற்சி: "1998 டிசம்பரில் பெங்களூரில் வழக்கத்தைவிடக் குளிர்—" இது ரேடியோவில் வருவது.

மூன்றாம் முயற்சி: "சரளாவின் புருஷன் டென்சில் கோபித்துக்கொண்டு போனபோது, கேக் அடுப்பையும் தூக்கிக்கொண்டு போனான்."

இது நிற்கும். (டென்சில் அண்ணனுக்கு 'போனான்' போட்டது கதைக்காக மட்டும். பேச்சில் 'போனார்'தான்.)

ஜூன் மாதம் நடந்தது. குன்னூரில் ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை கிடைத்தது, போகிறேன் என்றார். போ என்றார் அக்கா. தகர அடுப்பை பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள் என்பதால், சண்டை போட்ட அக்காவே ஆளையும் அடுப்பையும் பிக்கப்பில் கொண்டுபோய் விட்டார். மலையில் மஞ்சு இறங்கி, முன்கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாக ஆவி பிடித்தது. டென்சில் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது கைக்குட்டையை வண்டியில் மறந்துவிட்டார்.

திரும்பும்போது துடைக்க ஆளில்லை. ஒரு கையால் துடைத்து ஒரு கையால் ஓட்டியதில், ஒரு வளைவில் முன்சக்கரம் சாலையை விட்டு இறங்கிப் பள்ளத்துக்குமேல் நின்றது. தேயிலை பறிக்கும் பெண்கள் சேர்ந்து இழுத்து ஏற்றினார்கள்.

இப்போது கிறிஸ்துமஸ் வருகிறது. டென்சில் எஸ்டிடி பூத்திலிருந்து பேசினாராம்: "நீ வந்து கூப்ட்டா வர்றேன். இல்லாட்டி இங்கயே இருந்துக்கறேன்." ஆகவே அக்கா மலையேற வேண்டும். மலையேறக் கண்ணாடி தெரிய வேண்டும். கண்ணாடி தெரிய ஹீட்டர் சுட வேண்டும். கதை இவ்வளவுதான்.

(அடுப்பு ஒரு குறியீடா என்று சிலர் கேட்பீர்கள். இல்லை. அதன் கதவு சரியாக மூடாது, ஒரு செங்கல் முட்டுக் கொடுக்க வேண்டும். குறியீட்டுக்கு யாரும் செங்கல் முட்டுக் கொடுப்பதில்லை.)

3

பெங்களூர் பிக்கப்பில் ஹீட்டர் எதற்கு என்று நியாயமாகக் கேட்பீர்கள். இந்த வண்டி முதலில் நீலகிரியில் ஒரு எஸ்டேட்டில் ஓடியது. கீழே வந்த பிறகு அக்கா அந்த பட்டனைத் தொட்டதே இல்லை. ஜூன் மாதம்தான் முதன்முதலாக அழுத்தினார். அன்று வந்த காற்றுதான் இன்றும் வருகிறது.

அலெக்சாண்டர் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டிருந்தார். வெளியே கால்கள் மட்டும். கால்களே பேசின.

"ஃபேன் சுத்துது. அப்ப தண்ணி வரல. இன்ஜின்ல சூடான தண்ணி இங்க ஒரு குட்டி ரேடியேட்டருக்கு வரணும் அக்கா. அதும்மேல காத்து பட்டு சூடாவும். ஹீட்டர்னா அவ்ளோதான். அதுல அடைப்பு."

"அப்ப எடு அடைப்ப."

ஹோஸைக் கழற்றித் தண்ணீர் பீய்ச்சினார். எதிர்க்கடை கிருஷ்ணப்பாவின் டீயைவிட ஸ்ட்ராங்காக ஒன்று வெளியே வந்தது. திரும்ப மாட்டினார். ஜில்.

"காத்து புட்ச்சிருக்கு."

"வண்டிக்கா, உனக்கா?"

வண்டியை சர்ச் பக்கத்து மேட்டில் மூக்கு மேலே பார்க்க நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து இன்ஜினை ஓடவிட்டார். உள்ளே மாட்டியிருந்த காற்று குமிழிகளாக வந்தது. மூவரும் பயபக்தியோடு பார்த்தோம். குமிழி நின்றது. ஜில்.

[நாவலாக இருந்தால் இந்த இடத்தில் யாராவது வோட்கா குடிப்பார்கள். இரண்டு பேருக்குப் பிரிக்கும் ஒரு பை-டூ காபியை கிருஷ்ணப்பா மூன்றாகப் பிரித்துக் கொடுத்தார். அக்கா வாங்கிக் கொடுத்தது.]

4

இந்தக் கதையில் எனக்குச் சந்தேகம் டென்சில்மேல்தான். நான் அவரைப் பார்த்ததில்லை. தாடி வைத்தேன். சமையல்காரருக்குத் தாடி வேண்டாமென்று எடுத்தேன். பிறகு விடுதி ஜன்னலோரம் நிற்கவைத்து, மஞ்சைப் பார்த்து "சரளா..." என்று பெருமூச்சு விடவைத்தேன். மேட்டிலிருந்து திரும்பும் வழியில் அக்காவிடம் சொல்லிக் காட்டினேன்.

"அவனா? பெருமூச்சா? கொறட்டைன்னு போடு தம்பி."

"நாவல்ல பிரிஞ்சிருக்கறவங்க பெருமூச்சு விடுவாங்கக்கா."

"அங்க குளுரு. மூச்சு வுட்டா கண்ணுக்குத் தெரியும். இங்க வுட்டா யாருக்குத் தெரியும்?"

"அப்பறம் எதுக்கு அவரக் கூப்டப் போறீங்க?"

அக்கா கியரை மாற்றினார். ஷெட் வாசலில் வண்டியை நிறுத்தும்போது சொன்னார்.

"கண்ணாடி நல்லா தொடப்பான்."

(பெருமூச்சை அடித்துவிட்டேன். தாடியை நீங்கள் விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம்.)

5

பனிப்புயல் நாவல்களில் எப்போதும் ஏதாவது ஒரு முள் நடுங்கும். என் கதைக்கும் ஒன்று தேவைப்பட்டது. டேஷ்போர்டில் வெப்பத்தைக் காட்டும் முள்ளைக் காட்டி, "இது எவ்வளவு ஏறும்?" என்று கேட்டேன்.

அக்கா பெருமையாகச் சொன்னார்: "நம்ம வண்டி முள்ளு ஏறவே ஏறாது. மார்க்கெட் டிராஃபிக்ல அவனவன் பொகைய வுட்டுகினு நிப்பான். நம்மளுது அடிக்கோட்ட வுட்டு அசையாது."

மறுபடி அடியில் போயிருந்த கால்கள் அசைவதை நிறுத்தின. அலெக்சாண்டர் மெதுவாக வெளியே வந்தார்.

"எப்பலேருந்து அக்கா?"

"நீ மொதமொத சர்வீஸ் பண்ணியே, அப்பலேருந்து."

இங்கே சின்ன விளக்கம் வேண்டும். இன்ஜின் தண்ணீர் நன்றாகச் சூடாகும்வரை அதை ரேடியேட்டர் பக்கம் விடாமல் பிடித்துவைக்க தெர்மோஸ்டாட் என்று ஒரு பித்தளை வில்லை உண்டு. சூடானதும் திறக்கும். எங்கள் ஊர் ஷெட்களுக்கு அதைக் கண்டால் ஆகாது. இந்த டிராஃபிக்கில் தண்ணீரைப் பிடித்து வைப்பானேன் என்று, வண்டி வந்ததும், கேட்காமலே, ஒரு நல்ல காரியமாகக் கழற்றிவிடுவார்கள். அதன்பின் இன்ஜின் சூடே ஏறாது. எல்லோருக்கும் சந்தோஷம். சூடில்லாத தண்ணீரில் ஹீட்டர் எப்படிச் சுடும் என்று கேட்க, இங்கே ஹீட்டர் போட்டவர் யார்?

ஷெட் சுவரில், ஆஞ்சநேயருக்குச் சாத்தும் வடைமாலை போல, ஒரு கம்பியில் கழற்றிய பித்தளை வில்லைகள் கோர்த்துத் தொங்கின.

"பாவி, இதுல என்னுது எது?"

"எல்லாம் ஒரே மாதிரிதானே அக்கா கீது."

சுடுதண்ணீரில் போட்டால் நல்லது திறக்கும், செத்தது திறக்காது. மாலையோடு கிருஷ்ணப்பா கடைக்கு ஓடி, கொதிக்கும் முதல் பாத்திரத்தில் முக்கினார் அலெக்சாண்டர்.

"ஏய், அது ஹாலு காய்சோ பாத்ரே கணோ!" கிருஷ்ணப்பா கரண்டியோடு வந்தார். "என் பால்ல என்னய்யா போட்டே?"

"ஒரு நிமிஷம் குரு, ஒரே நிமிஷம்!"

பாலுக்குள் எட்டிப் பார்த்தோம். ஒன்றே ஒன்று அழகாகத் திறந்தது. அது ஏதோ காருடையது, பிக்கப்புக்குச் சேராது. மற்றவை துருவேறி இறுகிவிட்டன. இறுகியதை மாட்டினால் மலையில் இன்ஜின் கொதித்து நின்றுவிடும். ஜே.சி. ரோட்டில் தெரிந்த கடைக்குப் போன் செய்தார். "கழட்டற சாமான யாருய்யா விக்கிறாங்க?" என்று கேட்டு வைத்துவிட்டார்கள்.

கடைசியில் பிஸ்கட் அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, ரேடியேட்டருக்கு முன்னால் காற்று படாதபடி கட்டினார். ஒரு சுற்று போய்வந்தோம். எனக்குத் தெரிந்து அக்காவின் முள் முதல்முறையாக எழுந்து நின்றது. அக்கா ஹீட்டர் காற்று வரும் ஓட்டைக்கு நேரே கையை நீட்டினார். சற்றுநேரம் எடுக்கவே இல்லை.

"வருதுடா, அலெக்ஸு."

"வரும். ஆனா முள்ளப் பாத்துகினே போணும். ரொம்ப ஏறிச்சுன்னா எறங்கி அட்டையக் கழட்டு, எறங்கிச்சுன்னா திரும்பக் கட்டு. நடுவுல மறுபடி ஆவி புடிக்கும்."

"நான் முள்ளப் பாப்பனா, ரோட்டப் பாப்பனா?"

அலெக்சாண்டர் என் மொபெட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

6

முடிவு அ: அட்டை தாங்குகிறது. விடுதி வாசலில் டென்சில் அடுப்போடும் செங்கல்லோடும் நிற்கிறார்.

முடிவு ஆ: அக்கா போகவில்லை. பேக்கரி கேக். குன்னூர் பூத்திலிருந்து போன் மணி அடித்து, அடித்து—

முடிவு இ: அதே வளைவு. கண்ணாடி வெள்ளை. அக்கா ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து

(இதை எழுதமாட்டேன். அவர் வாங்கிக் கொடுத்த காபி இன்னும் நாக்கில் இருக்கிறது.)

இங்கே "வாசகரே, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி எழுந்துவிடுவது வழக்கம். நானும் எழுந்தேன். ஒயர் மாட்டியாகிவிட்டது. நாவலில் லாரிக்காரனின் விரல்கள் இன்னும் விறைத்தபடி இருந்தன. எனக்குச் சொந்தமாக விறைப்பு எதுவும் கிடையாது. மஞ்சை நான் படித்திருக்கிறேனே தவிர, பார்த்ததில்லை.

7

ஹாரன் அடித்தது.

பிக்கப் என் பக்கத்தில் வந்து நின்றது. அக்கா ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். கையில் டென்சிலின் கைக்குட்டை, துவைத்து மடித்தது.

"தம்பி, நாளைக்குக் காலைல கெளம்பறேன். போறப்போ மட்டும்தான். வர்றப்போ அவன் இருப்பான், நீ பின்னாடி அடுப்போட உக்காந்துகினு கதை எழுது. கூட வந்து கண்ணாடி தொடைக்கிறியா?"