இடது பக்கம் ஒரு விரல் ஏற்றம்

மூன்று வருஷம் பட்டாளத்துக்கு மொட்டை அடித்துவிட்டு, போர் முடிந்து ஊர் திரும்பினேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்ணில் பட்ட முதல் ஆளுக்கு முடி கோணலாக இருந்தது. இடது பக்கம், வலதைவிட ஒரு விரல் மேலே. பாவம், போர்க்காலம், நல்ல கத்தரி கிடைத்திருக்காது என்று நினைத்தேன். அடுத்த ஆளுக்கும் அப்படியே. தபால் கொண்டுவந்த பெண், மின்கம்பத்தின் மேல் உட்கார்ந்து கம்பி இழுத்துக்கொண்டிருந்த பெண், தலைமையாசிரியர், எல்லாருக்கும் அதே கோணல். பதினைந்து வருஷம் நூல் பிடித்த மாதிரி முடி வெட்டியவன் நான்.

என் சலூன் வாசலில் வரிசை. என் நாற்காலிக்குப் பின்னால் என் மனைவி. நான் இருந்தவரை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவள். ஆண்களெல்லாம் போருக்குப் போய்விட, பிழைக்க வேண்டுமே என்று கத்தரியை எடுத்திருக்கிறாள். வந்தது ஒரே வெட்டு, அதுவும் கோணல். வேறு கடை இல்லாததால் முதலில் சிரித்தவர்களும் தலையைக் கொடுத்தார்கள். ஊரே கோணலான பிறகு, நேராக முடி வைத்தவனைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்களாம். இப்போது வரிசையில் பாதி பெண்கள் வேறு.

நாளையிலிருந்து நான் பார்த்துக்கொள்கிறேன், நீ ஓய்வெடு என்று பெருந்தன்மையோடு சொன்னேன். வரிசை மொத்தமும் என்னை முறைத்தது. மறுநாள் வங்கி மேனேஜருக்கு நேர்த்தியாக வெட்டிவிட்டேன். கண்ணாடியைப் பார்த்தவர் கண் கலங்கிவிட்டார். இந்தத் தலையோடு எப்படி வெளியே போவது என்று கேட்டார். என் மனைவி அவரைச் சமாதானப்படுத்தி, கோணலாக்கி அனுப்பினாள்.

அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள உங்களுக்குக் கோணல் வரணும். இல்லன்னா ரெண்டாவது நாற்காலிய தையல்காரர் சம்சாரத்துக்குத் தரேன்னு சொல்லிட்டேன். ஆறு மாசமா கத்துக்கறாங்க."

என் கடை, என் நாற்காலி, எனக்கே பரீட்சை! எப்படித்தான் வெட்டுகிறாய் என்று கேட்டால், தெரியாது, தானா வருது என்றாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். ஒற்றைச் செருப்போடு நின்று பார்த்தேன். பாழாய்ப்போன கை, நேராகவே போனது.

இதைவிட வலித்தது இன்னொன்று. நான் கிளம்பியபோது வயிற்றில் இருந்த என் மகள், என்னை "மாமா" என்றுதான் கூப்பிட்டாள். கிட்டே போனால் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை தையல்காரரே அந்த இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் சம்சாரம் புது ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வாசலில் தயாராக நின்றார். நான் கத்தரியை எடுத்த நேரம் பார்த்து என் மகள் தூக்கச் சொல்லி அம்மாவிடம் அடம்பிடித்தாள். அம்மாவின் கையெல்லாம் சோப்பு நுரை. குழந்தை சுற்றுமுற்றும் பார்த்தாள். வேறு யாரும் தூக்க வராததால் என் சட்டையை இழுத்தாள்.

தூக்கி வலது இடுப்பில் வைத்தேன். இங்கே இல்லை என்று இடது இடுப்புக்கு மாறிக்கொண்டாள்.

"துண்டால கட்டிக்குங்க," என்றாள் மனைவி, திரும்பிக்கூடப் பார்க்காமல். "கைக்குழந்தையா இருந்தப்ப அவள அப்படித்தான் வச்சுக்கிட்டு வெட்டுவேன்."

கட்டிக்கொண்டேன். பாரம் இடது பக்கம் இழுக்க, உடம்பு வலது பக்கம் சாய்ந்தது. கத்தரியும் கூடவே சாய்ந்தது. வெட்டி முடித்ததும் மனைவி நுரைக் கையோடு வந்து தையல்காரர் தலையில் விரல் வைத்து அளந்தாள். சரியாக ஒரு விரல். என்னையும் குழந்தையையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "அடக் கடவுளே, இதுதானா?" என்று சிரிக்க ஆரம்பித்தவள் அப்படியே அழுதுவிட்டாள். குழந்தையை இறக்கிவிட்ட பிறகும் அவள் உடம்பு அந்தச் சாய்விலேயே நின்றுவிட்டிருக்கிறது.

தையல்காரர் சம்சாரம் ஏப்ரனைக் கழற்றப் போனார். மூன்றாவது நாற்காலி வாங்கலாம், கழற்றாதீர்கள் என்றேன். பிறகு குழந்தையை இறக்கிவிடக் குனிந்தேன். அவள் என் கழுத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, வரிசையைப் பார்த்துக் கத்தினாள்.

"அடுத்த ஆள் வாங்க. எங்கப்பா நல்லா கோணலா வெட்டுவாரு."