திருவிருந்தில் எழுந்து போனவன்

போன ஞாயிறு ஆராதனையில் ஜாய்சன் அப்பத்தை வாங்கினான். திராட்சரசப் பாத்திரம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு எழுந்துவிட்டான். பின்வரிசையில் இருந்த ரத்தினபாயின் கண்ணில் அது முள்ளாய்க் குத்தியது.

"யாரோடயோ மனசு சரியில்லாதவங்கதான் இப்படிப் பாதியில எழுந்திருப்பாங்க. வேற பொண்ணு விவகாரமோ என்னவோ! ஞாயித்துக்கிழமை நிச்சயம் பேச வர்றாங்க. அதுக்குள்ள நீயே கேட்டுரு" என்று மகள் ஜெரூஷாவிடம் சொல்லிவிட்டாள்.

பெண் கேட்டு வந்து, இரண்டு மாதமாகப் பேசிப் பழகியவனிடம் இதை எப்படிக் கேட்பது? புதன்கிழமை வரை வாய் வரவில்லை. அவனோ, "நாளைக்கு உங்க காலேஜ்ல பாக்கலாம்" என்று சாதாரணமாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

காட்டாங்குளத்தூர் பக்கம் அவள் இறுதியாண்டு படிக்கும் மருத்துவக் கல்லூரி. மறுநாள் மனநல வகுப்பில் ஹெப்சி மேடம் எல்லாருக்கும் ஒரு சீட்டு கொடுத்தார்.

"குடியிலேர்ந்து மீண்டு வந்த ஒருத்தர் இன்னிக்குப் பேசப்போறார். அவர்கிட்ட கேக்க நினைக்கிறத எழுதுங்க. பேர் வேணாம். நல்ல பிள்ளை மாதிரி நடிக்கவும் வேணாம்."

குடித்துச் சீரழிந்த கணவனுக்காகப் போன வாரம் வார்டில் அழுத ஒரு மனைவியின் முகம் ஜெரூஷாவுக்கு நினைவு வந்தது. 'குடிகாரனை நம்பி யாராவது பெண் கொடுப்பார்களா?' என்று எழுதி மடித்துப் போட்டாள்.

கதவைத் திறந்துகொண்டு ஜாய்சன் உள்ளே வந்தான். அவளைப் பார்த்துப் புன்னகை வேறு!

"ஏய், போட்டோல காட்டினியே, உன் ஆளுடி!" என்று பக்கத்திலிருந்த ஜோவிதா இடித்தாள்.

ஜாய்சன் நேரே மேடத்தின் பக்கத்தில் போய் நின்றான். "குடிய விட்டு நாலு வருஷமாச்சு" என்றான் அவன். "கோயில்ல பாத்திரம் வந்தாக்கூட வாய் வைக்கமாட்டேன். ஒரு சொட்டுதானேன்னு என்னால நினைக்க முடியாது."

அப்படியானால் வேறு பெண் இல்லை. நிம்மதிப்படுவதா, பயப்படுவதா?

மேடம் சீட்டுகளைப் படித்தார். அவளுடையதும் வந்தது. யாரோ சிரித்தார்கள். ஜாய்சன் சிரிக்கவில்லை.

"தெரியல. ஒருத்தர்கிட்ட எல்லாத்தையும் சொல்லித்தான் பொண்ணு கேட்டிருக்கேன்."

வகுப்பு முடிந்ததும் கேன்டீன் வாசலில் அவனை மடக்கினாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவன் முகம் வெளுத்தது. "உங்க அப்பாகிட்ட முதல் நாளே சொன்னேனே! 'நானே பக்குவமா சொல்லிக்கிறேன்'னார். உங்களுக்குத் தெரியும்னு நினைச்சுதான் இன்னிக்கு வந்தேன்."

கோபத்தை யார்மேல் இறக்குவது? அதே நேரம் ராஜகீழ்ப்பாக்கம் வீட்டிலிருந்து அம்மாவின் போன்.

"கேட்டியாடி? யாராம் அவ?"

"யாரும் இல்லம்மா. அப்பாகிட்ட குடு."

போனை வாங்கிய அப்பா தனசிங்கிடம், ஜாய்சன் சொன்னது நிஜமா என்று கேட்டாள். "நல்ல பையன்மா. நாலு தடவை சொல்ல வந்தேன். 'குடிகாரன்'னு என் வாயால சொல்ல வரல" என்றார்.

ஒரு மணி நேரத்துக்கு முன் அதே சொல்லை அவள் கை கூசாமல் எழுதியது.

"அந்த வார்த்தை வேணாம்ப்பா."

"அப்ப என்னன்னு சொல்றது?"

அவள் திரும்பிப் பார்த்தாள். சற்றுத் தள்ளி, போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் ஜாய்சன் நின்றிருந்தான்.

"ஞாயித்துக்கிழமை அவங்க வரட்டும்ப்பா. ஆனா நிச்சயம் பேச வேணாம். எனக்கு இவர்கிட்ட கேக்க நிறைய இருக்கு. அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க, இந்த தடவையாவது."

போனை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "டீ குடிக்கலாமா?" என்றாள். கேட்ட குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.