நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க

“ஒண்ணு கேக்கணும் மேடம்.”

“கேளுங்கம்மா.”

“இல்ல, இருக்கட்டும். அப்பறமா கேக்குறேன்.”

“சாதிச் சான்றிதழ் இன்னும் வரலையா? லேட்டானா பரவால்ல, நான் பேசிக்கறேன்.”

“அதெல்லாம் இல்ல. நீ மொதல்ல பொண்ண சேத்துக்கோ. இன்னொரு நாளு கேக்குறேன்.”

ஆனி மாதம், சேர்க்கையின்போது நடந்த பேச்சு இது. கேட்க வந்ததைக் கேட்காமல் விட்டுவிட்டு, சந்தியாவின் அம்மா கண்ணகி, முதல்வர் இளவரசியின் தலைக்கு மேல் சுவரில் மாட்டியிருந்த படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். போலீஸ் பயிற்சிப் பள்ளி மைதானத்தில், புதுக் காவலர்களின் அணிவகுப்புக்கு முன்னால் இளவரசி காக்கி உடுப்பில் விறைப்பாக நிற்கும் படம் அது. கல்லூரிக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒருமுறை அதைப் பார்ப்பது வழக்கம்தான். அந்தப் பார்வையைப் பயம் என்று இளவரசி நினைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் நாலு மாதம் அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

நினைக்க நேரமும் இல்லை. இருபத்து மூன்று வருட போலீஸ் உத்தியோகத்தில் பாதிக்கு மேல் பயிற்சிப் பள்ளியிலேயே கழித்தவள் அவள். கவாத்து சொல்லிக்கொடுத்தாள், அப்புறம் சட்ட வகுப்பு எடுத்தாள். முழங்கால் தேய்ந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மானாம்பதியில் புருஷனோடு நிம்மதியாக இருக்கலாம் என்று வந்தவளை, உத்திரமேரூருக்கு வெளியே சமுதாயக் கல்லூரி நடத்தும் டிரஸ்ட்காரர்கள் வீடு தேடி வந்து முதல்வராக்கிவிட்டார்கள். மூடிக் கிடந்த அரிசி மில்தான் கல்லூரி. பன்னிரண்டாவதோடு நின்றுபோன பிள்ளைகளுக்கு அங்கே தையல், ஏசி மெக்கானிக், ஹெல்த் அசிஸ்டென்ட் என்று மூன்று படிப்புகள். பிள்ளைகள் நினைத்தால் வந்தார்கள், நினைத்தால் நின்றார்கள். நெல் காய்ந்த பழைய களத்தில் காலையில் எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்து அவள் ஆஜர் எடுத்தாள். யார் எந்த ஊர், யார் வீட்டில் யார் வேலைக்குப் போகவில்லை என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒரே மாதத்தில் கல்லூரி ஒழுங்குக்கு வந்தது.

வீட்டில்தான் ஒழுங்கு வரவில்லை. “காப்பி ஆறிப்போவுது, சீக்கிரம் வாங்க” என்று அவள் சொல்லும் தொனிக்குப் புருஷன் முத்துவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சல்யூட் அடிப்பான். “வரேன் மேடம். லெஃப்ட் காலு மொதல்லயா, ரைட்டு காலு மொதல்லயா?”

ஐப்பசி பிறந்து ஏரி நிரம்பத் தொடங்கிய சமயத்தில் சந்தியா தொடர்ந்து மூன்று நாள் வரவில்லை. ஏரிக்கரை ஓரம் இருக்கும் இருளர் குடியிருப்பிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண் அவள். ரத்தக்கொதிப்பு பார்க்கும் பட்டையை ஒருவர் கையில் சுற்றுவதற்கு முன்னால் “வலிச்சா சொல்லுங்க” என்று சொல்லாமல் சுற்ற மாட்டாள். அடுத்த திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் பயிற்சி ஆரம்பிக்கிறது. முதல் நாள் வராதவர்களை அங்கே அப்புறம் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். வருடமே வீணாகிவிடும். கூடப் படிக்கும் பூஜாவைக் கேட்டால், “காய்ச்சல்னு நெனைக்கிறேன் மேம்” என்றாள். போன் போட்டால் போகவில்லை.

பயிற்சிப் பள்ளியில் லீவுக்குப் போன பையன் திரும்பி வராவிட்டால் என்ன செய்வார்கள்? அவன் ஊர் ஸ்டேஷனுக்குச் சொல்வார்கள். ஒரு காவலர் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவ்வளவுதான் விஷயம். இளவரசியின் கை தானாக போனை எடுத்தது. பக்கத்து ஸ்டேஷனில் தினேஷ்குமார் இருந்தான். அவளிடம் பயிற்சி எடுத்தவன், இப்போதும் தீபாவளிக்கு முதல் போன் அவனுடையதுதான்.

“தினேஷ், ஏரிக்கரைல சந்தியான்னு ஒரு பொண்ணு. உடம்பு சரியில்ல போல. என்னான்னு பாத்துட்டு வரியாப்பா?”

“இதோ மேடம். அஞ்சே நிமிஷம்.”

ஒரு மணி நேரம் கழித்து அவன் கூப்பிட்டான். “போயிட்டு வந்துட்டேன் மேடம். அங்க ஒருத்தருமே இல்ல. எல்லா வூடும் தெறந்து கெடக்குது. அந்தப் பொண்ணு வூட்ல அடுப்புல சோறு கொதிச்சிக்கினு கீது, ஆளக் காணோம். ஜீப்பு சத்தம் கேட்டதும் ஓடியிருக்காங்க. இன்னாமோ பண்ணியிருக்கானுங்க மேடம். விசாரிக்கட்டுமா?”

“எதை வச்சுச் சொல்ற?” என்று கேட்டாள் இளவரசி.

அவன் சிரித்தான். கெட்டிக்கார மாணவனின் சிரிப்பு. “போலீசப் பாத்து ஓடுறவன மொதல்ல புடி, காரணத்த அப்பறம் கேளு. நீங்கதானே மேடம் சொல்லிக் குடுத்தீங்க.”

விசாரிக்க ஒன்றுமில்லை, அந்தப் பக்கமே போகவேண்டாம் என்று சொல்லி போனை வைத்தாள். சொல்லிக்கொடுத்தது உண்மைதான். கரும்பலகையில் எழுதிக்கூடப் போட்டிருக்கிறாள். எத்தனை வகுப்பு, ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை பேர் என்று மனம் கணக்குப் போடப் பார்த்தது. அதைப் பாதியில் நிறுத்தினாள்.

மறுநாள் காலை இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்த முத்துவேலிடம் சொன்னபோது அவன் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

“ஜீப்பையா அனுப்புனே?”

“உடம்பு சரியில்லாத பொண்ணப் பாக்கச் சொல்லி, நல்லதுக்குத்தானேங்க அனுப்புனேன்.”

“நல்லதுக்குன்னு ஜீப்பு மேல எழுதி ஒட்டிகீதா இன்னா?”

அவளுக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் யார் மேல் என்று தெரியாததால், அவன் தட்டில் கேட்காமலேயே இன்னும் இரண்டு இட்லி வைத்தாள். அன்றைக்குக் கல்லூரியில் நாற்காலி மேல் ஏறி அணிவகுப்புப் படத்தைக் கழற்றினாள். படம் இருந்த இடம் மட்டும் சுவரில் வெளுப்பாகத் தெரிந்தது. வரிசையில் சந்தியா நிற்கும் இடமும் காலியாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முத்துவேலின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து கிளம்பினாள். வழக்கமாக அவளுடைய ஸ்கூட்டரில் அவள்தான் ஓட்டுவாள். இன்றைக்கு நிறுத்தி நிதானமாகப் போகவேண்டும் என்று தோன்றியது.

“ஆணி அடிச்ச போலீசு ஷூவு போட்டுக்கலயே?” என்றான் முத்துவேல், வண்டியை எடுத்துக்கொண்டே.

“செருப்பு.”

“பொடவ?”

“பாத்தா தெரியலையா?”

“தெரியுது. நல்லாகீது. அதுக்குத்தான் கேட்டேன்.”

மதகுக்கு அருகிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி, மீதி தூரத்தை இருவரும் நடந்தார்கள். ஏரித் தண்ணீர் கரையின் பாதி உயரத்துக்கு வந்திருந்தது. கீழே நடவு முடிந்த வயல்கள். அந்தப் பக்கம் மூன்றாவது கழனி முத்துவேலுடையது. போன மாசியில் யாரோ பம்புசெட் ஒயரை அறுத்துக்கொண்டு போனதும், அவன் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததும், ஒயர் கிடைக்காமல் புதிதாக வாங்கிப் போட்டதும் அங்கேதான்.

குடியிருப்பில் நாய் குரைத்தது. இரண்டு வீட்டுக் கதவுகள் சாத்திக்கொண்டன. கண்ணகி மட்டும் வீட்டுக்கு முன்னால் குந்தி, ஏரிக் கெண்டைகளைச் சாம்பலில் புரட்டிக் கல்லில் உரசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவர்களுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்றும் பார்த்தாள். பிறகு மறுபடி மீனை உரசினாள்.

“சந்தியா எப்படி இருக்கா?” என்றாள் இளவரசி.

“ஜொரம் அன்னிக்கே வுட்டுடுச்சி. நைனாவுக்கு சோறு எடுத்துக்கினு போயிருக்கா. அவரு சவுக்குத் தோப்புல கீறாரு. ஜீப்பு வந்துச்சில்ல, அப்ப போனவரு. இன்னும் வூட்டுக்கு வரல.”

வரும் வழியெல்லாம் இளவரசி யோசித்துக் கோத்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. “அந்த ஜீப்ப அனுப்புனது நான்தாம்மா” என்றாள். “பொண்ணு வரலையேன்னு பாக்கச் சொன்னேன். யாரையும் புடிக்க இல்ல. தப்பு என்னுதுதான்.”

கண்ணகி கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டாள். இளவரசியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். “பாக்கவா?” என்றாள். “எங்க வூட்டுக்கா? ஜீப்பா?” சட்டென்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பாக்கத்தான்னு தெரிஞ்சிருந்தா கொயம்பு வெச்சிருப்பேனே.”

முத்துவேலும் சிரித்துவிட்டான். இளவரசியால் முடியவில்லை.

“நாளைக்கு ஆஸ்பத்திரி ட்ரெயினிங். சந்தியாவ அனுப்புங்கம்மா. இனிமே போலீஸ் சமாச்சாரமே நம்ம காலேஜ்ல இருக்காது. அந்த போட்டோவக்கூட கழட்டிட்டேன்.”

“ஏன் கழட்டினே?”

கண்ணகி கேட்ட விதத்தில் உண்மையான கோபம் இருந்தது.

“அதப் பாத்துத்தானே பொண்ண அங்க சேத்தேன்! பக்கத்துலயே வேற காலேஜி இல்லாமயா? போலீசுக்கே பாடம் எடுத்த அம்மா, அவங்களாண்ட போனா நம்ம வாயத் தொறந்து ஒண்ணு கேக்கலாம்னுதான் வந்தேன். வந்தா, உன்ன நேர்ல பாத்ததும் வாயி வரல. போட்டோவுல எத்தினி பேரு நிக்கிறானுங்கன்னு பாத்துக்கினே இருந்துட்டு வந்துட்டேன்.”

இளவரசி தரையிலேயே உட்கார்ந்தாள். முழங்கால் வலித்தது. “இப்ப கேளுங்க” என்றாள்.

கண்ணகி கை சாம்பலைத் தண்ணீரில் கழுவினாள். “எங்க இன்னா காணாம போனாலும் எங்களுக்குத் தெரியறதுக்கு முன்னால ஜீப்பு வந்துடும் மேடம். ஆடு காணோம்னாலும் அவருதான், சைக்கிள் காணோம்னாலும் அவருதான். போன மாசியில யாரோ மோட்டாரு ஒயர அறுத்துட்டாங்கன்னு இட்டுக்கினு போயி ரெண்டு நாளு வெச்சிருந்தாங்க. வந்ததுலேந்து அவருக்கு இடது கை மேல தூக்க முடியல. களை பறிக்கக்கூட யாரும் கூப்புடறது இல்ல.”

முத்துவேல் தன் கழனிப் பக்கம் திரும்பினான். அங்கே கொட்டகைக்குள் மோட்டார் ஓடும் சத்தம் இங்கே வரைக்கும் சீராகக் கேட்டது. அதைச் சற்று நேரம் கேட்டுக்கொண்டு நின்றவன், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

கரைமேல் சந்தியா வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் காலித் தூக்கு. பழைய பாவாடை சட்டைக்கு மேலே, கழுத்தில் நீலப் பட்டியில் கல்லூரி அடையாள அட்டை.

“ஞாயித்துக்கெழமகூட அதப் போட்டுக்கினா போறா?” என்றாள் இளவரசி.

“தோப்பாண்ட யாருனா நிறுத்திக் கேட்டா காட்டலாம்னு” என்றாள் கண்ணகி.

அவர்களைப் பார்த்ததும் சந்தியா கரைமேலேயே நின்றுவிட்டாள். கீழே இறங்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. ஏரிக் காற்றில் அட்டை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தது. கண்ணகி மகளைப் பார்த்தாள். பிறகு இளவரசியின் பக்கம் திரும்பி, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“உன்னாண்ட படிச்ச புள்ளைங்க எல்லா ஸ்டேஷன்லயும் கீறாங்கன்னு இவ சொன்னா. நீ சொன்னா கேப்பாங்க. அவங்களுக்கு இத மட்டும் சொல்லிக் குடு மேடம். ஒயரு காணோம்னா ஒயரத் தேடச் சொல்லு. என் வூட்டுக்காரரத் தேட வேணாம்னு சொல்லு.”